ஒன்பது நாள் பச்சைக் கட்டங்கள்

கம்பைநல்லூர்
நவம்பர் 18

அன்புள்ள சந்திரமோகனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் அந்தக் குளிரில் சுகமாக இருக்க வேண்டும். நான் சுகமா என்பதைக் கால்கரியில் உட்கார்ந்தபடியே தினமும் கட்டங்களின் நிறத்தைப் பார்த்து நீ தீர்மானித்துவிடுவதால், அதை வேறு எழுதி உன் நேரத்தை வீணாக்கவில்லை. கையெழுத்து கோணலாக இருக்கிறதே என்று யோசிக்காதே, கையெழுத்துக்காக மூன்று வருடம் பரிசு வாங்கியவள்தான் எழுதுகிறேன், காரணம் பின்னால் வருகிறது. போனிலேயே சொல்லலாம்தான், ஆனால் நான் மூன்றாவது வாக்கியத்துக்கு வருவதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிடும். கடிதத்தை நடுவில் வெட்ட உன்னால் முடியாது.

இங்கே மழை பரவாயில்லை. கொல்லையில் இருக்கும் முருங்கை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது, முட்டுக் கொடுத்திருக்கிறேன். போன வியாழக்கிழமை நீ அனுப்பிய செய்தி கிடைத்தது. என்னம்மா, ஒரு மாதமாக அஞ்சு, ஆறுன்னு இழுக்குது, போன மாசம் எவ்வளவு நல்லா ஆடினீங்க, ஞாபகத்துக்கு ஒரு டாக்டரைப் பாத்துடுங்களேன் என்று எழுதியிருந்தாய். எழுபத்து நாலு வயதில் என் ஞாபகத்தைப் பற்றி ஒருவர் கவலைப்படுவது பெருமையான விஷயம். அந்த ஞாபகத்தை வைத்துக்கொண்டே சில விஷயங்களைச் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

உன் அப்பா தவறிப்போன மூன்றாம் மாதம் இந்த ஏற்பாட்டைச் செய்தது நீதான். தினமும் கூப்பிட நேரம் ஒத்துவரவில்லை, அதனால் ஐந்தெழுத்து இங்கிலீஷ் சொல்லை முடிந்தவரை குறைந்த முயற்சியில் கண்டுபிடிக்கும் அந்த விளையாட்டை நீங்களும் ஆடுங்கள், ஆடி முடித்ததும் கட்டங்களை அனுப்புங்கள், கட்டம் வந்தால் நீங்கள் எழுந்து நடமாடுகிறீர்கள் என்று நான் தெரிந்துகொள்வேன் என்றாய். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூப்பிடுவதாகவும் சொன்னாய். அந்த ஞாயிற்றுக்கிழமைகள் எங்கே போயின என்று நான் கேட்கவில்லை. மூன்று வருடமாகக் காலை ஆறரைக்கு நான் ஆடி அனுப்புகிறேன். இங்கே முன்னால் விடிவதால் உனக்கு நாளைக்கு வரப்போகிற சொல் எனக்கு இன்றைக்கே தெரியும், ஒருநாளாவது வாய் தவறிச் சொல்லியிருப்பேனா? எங்கள் பள்ளிக்கூட சிஸ்டர் சனிக்கிழமைதோறும் சொல்லுக்கு எத்தனை எழுத்து என்ற கணக்கும் அதில் இரண்டு எழுத்தும் கொடுத்து நாற்பது சொல் எழுதச் சொல்வார், அகராதியைத் தொட்டவள் மத்தியானம் வரை வராந்தாவில் நிற்க வேண்டும். அந்தப் பழக்கம் விடவில்லை.

அக்டோபர் மூன்றாம் தேதி அன்றும் அப்படித்தான் ஆடிக்கொண்டிருந்தேன். இரண்டாவது எழுத்து ஆர், மூன்றாவது ஏ, கடைசி இ என்று மூன்றும் இடம் சரி என்று பச்சையாக நின்றுவிட்டன. ஃபிரேம் போட்டேன், ட்ரேட் போட்டேன், இரேஸ் போட்டேன். இன்னும் எது பாக்கி என்று மனதில் அடுக்கிக்கொண்டே போனைக் கையில் பிடித்தபடி குழாயடிக்கு நடந்ததில், பின்வாசல் படி ஒன்று இருக்கிறது என்பதை மறந்துவிட்டேன். நாற்பது வருடமாக அதே இடத்தில் இருக்கிற படி. வலது மணிக்கட்டு முறிந்தது, இடுப்பில் ரத்தம் கட்டிவிட்டது. பக்கத்து வீட்டு நிர்மலாதேவி சத்தம் கேட்டு ஓடி வந்து, நஞ்சப்பன் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு தர்மபுரிக்குப் புறப்பட்டாள். மொரப்பூர் தாண்டும்போதுதான் கிரேஸ் என்று தோன்றியது. வலியோடு வலியாக அவளிடம் சொல்லிப் போடச் சொன்னேன், சரியாக இருந்தது. கிரேவ், அதாவது கல்லறை, இல்லை என்பதில் கொஞ்சம் ஆறுதல். அன்றைக்கு உனக்கு வந்த கட்டம் என்னுடையது. கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாய்.

ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். சர்க்கரை இறங்கட்டும் என்று நாலு நாள் வைத்திருந்து பிறகு தகடு பொருத்தினார்கள். நிர்மலாதேவி உனக்குப் போன் போடப் போனாள், நான்தான் வேண்டாம் என்று தடுத்தேன். அதை மறைக்கவில்லை, அந்தப் பழி என்னுடையதே. அவள் விடவில்லை. பெரியம்மா, அந்தப் பச்சைப் பொட்டி போவலைன்னா மோகண்ணன் அங்க பயந்துக்குவாங்க, அதையாச்சும் நான் அனுப்பி வுடறேனுங்க என்றாள். உனக்கு இங்கிலீஷ் எங்கே வரும் என்று கேட்டேன். போன்லயே அதுக்குன்னு ஒண்ணு இருக்குதுங்க, எந்த எழுத்து எந்த எடத்துலன்னு தட்டுனா மொத்த வார்த்தையும் அதுவே கொட்டிடுதுங்க, எங்க வூட்டு வாண்டுக்கே தெரியுது என்று காட்டினாள். ரேஷன் கடையில் மூட்டையைக் கவிழ்த்தது போல அத்தனையும் வந்து விழுந்தன. பாதிச் சொல்லை நான் ஜென்மத்தில் கேட்டதில்லை. அப்போதுதான் உன்னுடைய வழக்கமான மூன்று முயற்சியின் ரகசியமும் எனக்கு விளங்கியது. எட்டாம் வகுப்புவரை என்னிடம் இங்கிலீஷ் கட்டுரை எழுதி வாங்கிக்கொண்டு போன பிள்ளை, ட்ரிஸ்ட் என்கிற சொல்லை இரண்டே முயற்சியில் பிடித்தபோது வியந்தேன். பொருள் கேட்டதற்குச் சிரிக்கிற முகம் அனுப்பினாய். போகட்டும்.

ஆறரைக்கு வருகிற கட்டம் அந்த நாட்களில் பத்து மணிக்கு மேல் வந்தது, அவள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு பஸ் ஏறி வர வேண்டுமே. நாலும் ஐந்தும் எடுக்கிறவள் திடீரென்று மூன்று, மூன்று, இரண்டு, மூன்று. எனக்கு ஒரு நப்பாசை இருந்தது. இது அம்மா ஆடுவது போல இல்லையே என்று இவன் இன்றைக்குக் கேட்பான், நாளைக்குக் கேட்பான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள், மயக்கம் தெளிந்து கண் திறந்ததும் மகன் என்ன எழுதியிருக்கிறான் என்றுதான் கேட்டேன். நிர்மலாதேவி தயங்கித் தயங்கிப் படித்தாள். சூப்பர் அம்மா, வல்லாரை சாப்பிடறீங்களா என்று கேட்டிருந்தாய். வாந்திக்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடும்போது உறவுமுறை என்ற இடத்தில் அவள் மகள் என்று எழுதியிருந்தாள். மளிகைக் கடைப் பலகையில் பிழை இருந்தால்கூட நின்று திருத்தச் சொல்கிறவள் நான், அதைத் திருத்தவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு இடது கையால் நானே ஆடுகிறேன். ஐந்து, ஆறு ஆகிறது. இப்போது உனக்குக் கவலை வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கிடந்த ஒன்பது நாளும் அம்மாவுக்கு மூளை பிரமாதம், எழுந்து வீட்டில் நடமாடத் தொடங்கியதும் டாக்டரைப் பார். நீ படித்த படிப்புக்கு இந்தக் கணக்கு சரியாகத்தான் இருக்கும், எனக்குத்தான் புரியவில்லை.

உடனே டிக்கெட் போட்டுக்கொண்டு ஓடி வராதே. கை கூடிவிட்டது, இந்த வாரம் கட்டு பிரித்தாகிவிட்டது, அதனால்தான் இந்தக் கோணல் எழுத்தாவது எழுத முடிகிறது. மருமகளிடம் பழியைப் போட்டுச் சண்டை பிடிக்காதே, அவளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நிர்மலாதேவியை மட்டும் கூப்பிட்டு இரண்டு வார்த்தை பேசு, தமிழில் பேசு. வெறும் வயிற்றில் காப்பி குடிப்பதை நிறுத்து, பனியில் நடக்கும்போது போனைப் பார்க்காதே, அதைச் சொல்ல எனக்கு இப்போது முழுத் தகுதி இருக்கிறது.

டிசம்பர் ஒன்றாம் தேதியிலிருந்து கட்டம் அனுப்ப மாட்டேன். விளையாட்டை விடவில்லை, எனக்காக ஆடிக்கொள்வேன். நான் இருக்கிறேனா என்று தெரிய வேண்டுமென்றால் கூப்பிட்டுக் கேள். இதில் ஒரு விஷயம். நீ எப்போதாவது கூப்பிட்டாலும் நாலு தடவை அடித்ததும் வைத்துவிட்டு, பிஸியா அம்மா என்று செய்தி அனுப்புகிறாய். கட்டிலிலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து போன் வரை வர இப்போது ஆறு தடவை அடிக்கும் நேரம் ஆகிறது, நிர்மலாதேவியை அடிக்கச் சொல்லி எண்ணிப் பார்த்துவிட்டேன். அந்த விளையாட்டிலேயே ஆறு வாய்ப்பு கொடுக்கிறார்கள். எனக்கும் ஆறு கொடு, ஆறாவதில் எடுத்துவிடுவேன்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க என் ஆசீர்வாதம். கடிதம் கிடைத்ததற்குக் கட்டைவிரல் அனுப்பாதே.

இப்படிக்கு, உன் அம்மா,
ஜானகியம்மாள்
(வலது கையால்)