அடுத்த ஆபரேஷன் யார் செலவு?

என் வீட்டுக்காரிக்கு,

இதை நானேதான் எழுதுகிறேன், இடது கையால். கோழி கிளறியது போல இருந்தால் சிரித்துக்கொள்.

மரமில்லில் அடிபட்டதற்கான நஷ்டஈட்டுக் காகிதத்தோடு நேற்று இன்சூரன்ஸ்காரர் வந்தார். கையில் மைப்பெட்டி வேறு.

"பெரியவரே, கட்டைவிரலை வைங்க, செக்கை வாங்கிக்கங்க."

"எந்த விரலை? வலது கட்டைவிரல் போனதுக்குத்தானே பணமே தர்றீங்க!"

மனுஷன் நெளிந்தார். "இடது போதுங்க."

"இருங்க, படிச்சிட்டுச் சொல்றேன்."

ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நாட்களில் கற்றுக்கொண்டபடி எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். அவர் இரண்டு டீ குடித்து முடித்தார். மூன்றாம் பக்கத்தில் இருந்தது: 'இனி எந்தச் சிகிச்சைச் செலவும் கேட்க மாட்டேன்.' ஆனால் கைக்கு இன்னொரு ஆபரேஷன் இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சின்னதுதான், நேரில் சொல்கிறேன்.

"இந்த வரியை எடுங்க, அப்பதான் கையெழுத்து" என்றேன். "கையெழுத்தா?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

இன்று புதுக் காகிதம் வந்தது. ஆபரேஷன் செலவு அவர்களுடையது. அதையும் கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். மைப்பெட்டியைத் திறக்கவே விடவில்லை.

மகளுக்குப் பிரசவமானதும் போனில் சொல்லிவிடாதே. கடிதம் போடு. பேரனா பேத்தியா என்று நானே படித்துத் தெரிந்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
இனிமேல் நீ 'கைநாட்டு' என்று கூப்பிட முடியாத
உன் கணவன்