முப்பத்தேழு கூடுகள்

அன்புள்ள கோதைக்கு,

ஒரு வருஷமாக நீ என்னோடு பேசவில்லை. நியாயம்தான். அர்ஜென்டினாவின் சதுப்பு நிலத்தில் இடுப்பளவு தண்ணீரில் நடந்து, அழிந்துவரும் அந்த நீள்வால் குருவிகளின் முப்பத்தேழு கூடுகளை வரைபடத்தில் குறித்து அனுப்பினாய். அந்தப் பக்கத்தை எங்கள் கம்பெனியின் சுற்றுச்சூழல் அறிக்கையிலிருந்து நீக்கியது நான்தான். மேலதிகாரி சொன்னார், எடுத்துவிட்டேன்.

இன்று இந்த ஊரில், எங்கள் கம்பெனியின் பரமட்டா ஆபீசில் கடைசிக் கூட்டம். அந்தச் சதுப்பு நிலத்தில் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடிக்கப் பணம் போடுகிறவர்கள் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். "அந்த இடத்துல பறவை எதுவும் இல்லையே?" என்று ஒருவர் கேட்டார். மேலதிகாரி என்னைப் பார்த்தார். நான் எழுந்து நின்றேன்.

"இருக்கு. முப்பத்தேழு கூடு. நான்தான் மறைச்சேன்."

உன் வரைபடத்தை மேசைமேல் வைத்தேன். அவர்கள் கையெழுத்துப் போடாமலே எழுந்து போய்விட்டார்கள். பத்தாவது நிமிஷம் கம்பெனி என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு வேலையைவிட்டு அனுப்பிவிட்டது. எனக்கும் என் கணவருக்கும் இந்த நாட்டு விசா இந்த வேலையில்தான் நிற்கிறது. அதைப் பற்றி இப்போது எழுத வேண்டாம்.

ரயில் நிலையத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். சற்றுமுன் என் கணவர் கூப்பிட்டார்.

"மீட்டிங் எப்படிப் போச்சு?"

"நல்லாப் போச்சுங்க" என்றேன். சொன்ன பிறகுதான் அது பொய்யில்லை என்று உறைத்தது.

இப்படிக்கு,
உன் பழைய அறைத்தோழி