கையுறையைத் தாண்டிய ஊசி

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

மறுவாழ்வு இல்லத்தில் போனை வாங்கி வைத்துக்கொண்டார்களாமே, அதனால்தான் இந்தக் கடிதம். கை நடுக்கம் குறைந்ததா? அம்மா நலம். உன் சட்டைகளைத் துவைத்ததையே மறுபடி துவைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஒரு விஷயம் சொல்லவேண்டும். பதறாதே. போதை ஊசி போடுகிறவர்களுக்குப் புது ஊசி கொடுத்துப் பழையதை வாங்குவதுதானே என் வேலை? நேற்று ரயில் பாலத்துக்குக் கீழே, எறிந்துவிட்டுப் போனவற்றைப் பொறுக்கும்போது ஒன்று கையுறையைத் தாண்டி விரலில் ஏறிவிட்டது. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

"உடனே வந்துட்டீங்க, நல்லதாப் போச்சு. எச்.ஐ.வி. வராம இருக்க ஒரு மாசம் இந்த மாத்திரைய விடாம சாப்பிடுங்க," என்றார் டாக்டர்.

இதே வார்த்தைகளை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். எனக்கே சொன்னபோது, எத்தனை நாள் என்று இரண்டு தடவை கேட்டேன்.

அம்மாவுக்குத் தெரியாது.

உன் அக்கா


மார்ச் 9

அக்காவுக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்துவிட்டேன். அந்தப் பாலத்தடியில் ஒரே ஊசியை எத்தனை பேர் மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறோம் என்பது எனக்குத்தானே தெரியும். மாத்திரையை ஒரு வேளைகூட விட்டுவிடாதே.

இங்கே நர்ஸ் என்னையும் ரத்தப் பரிசோதனைக்குக் கூப்பிடுகிறார். "அப்புறம் பாத்துக்கலாம் சிஸ்டர்," என்று நழுவுகிறேன். தெரியாதவரை இல்லை என்று இருந்துவிடலாம் அல்லவா? உனக்குப் புத்தி சொல்ல வாய் நீள்கிறது. கைதான் நீள மாட்டேன் என்கிறது.

தம்பி


மார்ச் 15

தம்பி,

மாத்திரை குமட்டுகிறது. ஆனாலும் வேலைக்குப் போகிறேன். நேற்று ஒருவர், "டெஸ்ட்னாலே பயமா இருக்குக்கா," என்றார். வழக்கமாக, பயப்பட ஒன்றுமில்லை என்பேன். நேற்று அந்தப் பொய் வரவில்லை.

"எனக்கும்தான். வாங்க, சேர்ந்தே பயப்படலாம்," என்றேன். சிரித்துக்கொண்டே கூட வந்தார்.

என்னைக் கண்டால் நீ பாலத்துத் தூணுக்குப் பின்னால் ஒளிவாயே, அப்போதெல்லாம் உன் செருப்பு எனக்குத் தெரியும். ஒன்றும் கேட்காமல் புது ஊசியை அங்கேயே வைத்துவிட்டுப் போவேன். எடுத்தாயா, விட்டாயா என்று இப்போதும் கேட்கவில்லை. கையை மட்டும் நீட்டு, கண்ணா. நீ பார்க்காவிட்டால் நோய் உன்னைப் பார்க்காமல் போகாது.

அக்கா


மார்ச் 24

அக்கா,

நீட்டினேன். இருக்கிறதாம். இன்னொரு முறை பார்த்தும் அதையேதான் சொன்னார்கள்.

பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்விட்டேன். "எங்கப்பா கிளம்பிட்ட?" என்றார் காவலாளி. போவதற்கு ஒரு இடமும் நினைவுக்கு வரவில்லை. அவர் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிறகு நர்ஸ் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "மருந்த ஒழுங்கா சாப்பிட்டா எல்லாரையும் போல இருக்கலாம். ஓடிட்டா முடியாது," என்றார். நாளையிலிருந்து மருந்து.

அம்மாவிடம் நீயே சொல்லிவிடு. என்னால் அந்த முகத்தைப் பார்க்க முடியாது.

தம்பி


மார்ச் 29

என் தம்பிக்கு,

சொல்லிவிட்டேன். அம்மா கையிலிருந்த உன் சட்டையைப் பிழிந்து கொடியில் போட்டாள். பிறகு, "அவன் தட்டுல நான் சாப்பிட்டா ஒட்டிக்குமா?" என்றாள்.

"ஒட்டாதும்மா."

"கட்டிப்பிடிச்சா?"

"அதுக்கும் ஒட்டாது."

"அப்புறம் ஏன்டி இங்க உக்காந்திருக்கோம்?" என்று எழுந்து செருப்பைத் தேடினாள். ஞாயிற்றுக்கிழமைதான் உள்ளே விடுவார்கள் என்று சொல்லி உட்காரவைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

என் விஷயத்தை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. மாத்திரை முடிந்தாலும் இன்னும் இரண்டு பரிசோதனை பாக்கி. ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் தைரியம் சொல்கிறேன். எனக்குத்தான் பயம், ராத்திரி எழுந்து மீதி மாத்திரையை எண்ணுகிறேன். ஞாயிற்றுக்கிழமை அம்மா உன்னைக் கட்டிக்கொண்டு அழுது முடிக்கட்டும். அப்புறம் என் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு உட்கார். ஒன்றும் பேச வேண்டாம்.

அக்கா