அறுபத்து மூன்று பாவங்களும் ஓர் இத்தாலிக்காரியும்

ஷிசுவோகா
ஜூன் 22

அன்பு மகள் மதோகாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை எலியோவும் இத்தாலியில் வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி எழுந்து, உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுக்கிறேன். இங்கே நாங்கள் இரண்டு பேரும் சௌக்கியம், என் முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முந்தின நாளே எனக்குத் தந்தி கொடுத்துவிடுகிறது. மழைக்காலம் பிடித்துக்கொண்டது, ஃபூஜி மலை இருக்கிறதா, இல்லை யாராவது தூக்கிக்கொண்டு போய்விட்டார்களா என்று பத்து நாளாகத் தெரியவில்லை, துவைத்ததெல்லாம் வீட்டுக்குள்ளேயே தொங்குகிறது, உன் அப்பாவின் பனியன்களை விலக்கிக்கொண்டுதான் சமையலறைக்குள் போகிறேன்.

உன் கடிதத்துக்கு மூன்று வாரமாகப் பதில் போடவில்லை, கோபமாக இருப்பாய், இரு, கோபப்பட உனக்கு உரிமை உண்டு. ஆகஸ்டில் ஓபோனுக்கு நாங்கள் வரலாமா, அப்பா எலியோவை வாசற்படி ஏற விடுவாரா என்று கேட்டிருந்தாய். படித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். ஓபோனுக்குச் செத்தவர்கள் எல்லாம் ஒருத்தர் அனுமதியும் கேட்காமல் வீட்டுக்கு வந்து போகிறார்கள், உயிரோடு இருக்கிற என் மகள் எழுதிக் கேட்டு வர வேண்டியிருக்கிறதே என்று வயிறு எரிந்தது. அன்று ராத்திரிச் சாப்பாட்டில் உன் கேள்வியை அப்பாவின் காதில் போட்டேன். மனிதர் மிஸோ சூப்பை உறிஞ்சி முடித்தார், கிண்ணத்தைக் கவிழ்த்தார், மழை விட்டபாடில்லையே என்றார், எழுந்து போய்விட்டார். அவ்வளவுதான் பதில். இந்தக் கடிதத்தில் உனக்கு ஒரு பதில் இருக்கிறது, ஆனால் கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே, நான் பட்ட பாட்டை வரிசையாகக் கேட்டுவிட்டுத்தான் நீ அதை வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஓட்டுநர் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றதும் அப்பா பெட்டியில் துண்டு துண்டாக வருகிற பிளாஸ்டிக் மாதிரிக் காரை ஒட்டிக் கட்ட ஆரம்பித்ததை எழுதியிருந்தேன் அல்லவா. ஊரே அந்தப் பெட்டிகளைச் செய்து உலகத்துக்கு அனுப்புகிற ஊர், முப்பத்து நாலு வருஷம் தப்பித்திருந்தவரை அறுபத்தைந்து வயதில் வந்து பிடித்துக்கொண்டது. உள்ளங்கையில் அடங்குகிற வண்டிக்கு உண்மையான காருக்குச் செய்கிற எல்லாச் சடங்கும் உண்டாம், பட்டி வைத்துத் தேய்க்க வேண்டுமாம், சாம்பல் பூச்சு அடிக்க வேண்டுமாம், அதன் மேல் நிறம், அதன் மேல் மினுமினுப்பு, பிறகு பல் துலக்கும் பசை மாதிரி ஒன்றைத் தடவி நகத்தளவு இடத்தை அரை மணி நேரம் துணியால் தேய்க்கிறார். என் முதுகைத் தேய்த்துவிடச் சொன்னால் கை வலிக்கிறதாம். என் பல்குத்திகள் போயின, நகம் ராவும் தகடு போயிற்று, போன மாதம் பாத்திரம் உலர்த்தும் பெட்டியும் போயிற்று. ஈரக் காற்றில் நிறம் அடித்தால் மேலே பால் பாய்ந்த மாதிரி வெளுத்துவிடும், அதை உலர்த்த இதுதான் சரியான சூடு என்று ஒரு நாள் என் சோற்றுக் கிண்ணங்களை வெளியே எடுத்து அடுக்கிவிட்டு உள்ளே ஒரு காரின் கூரையை வைத்து மூடுகிறார். அன்றிலிருந்து ஈரக் கிண்ணத்தில்தான் சாப்பிடுகிறேன். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன், வீட்டுக்குள் காலைச் சுற்றிக்கொண்டு திரியாமல் இருந்தால் சரி என்று.

போன வாரம் வியாழக்கிழமை நடந்ததுதான் பொறுக்க முடியாதது. நடையில் குடைகளை விரித்து வைத்துக்கொண்டிருந்தேன், அப்பா போனில் பேசிக்கொண்டிருந்தார். அவருக்குக் காது மந்தமானதிலிருந்து இரகசியம் பேசினாலும் மூன்றாவது வீட்டுக்குக் கேட்கும். அந்த மாதிரிக் கார்ப் பெட்டிகளை விற்கிற கடைக்காரன் நொசாகியிடம் சொல்கிறார், என் த்சுமி இந்த மாசம் மட்டும் இன்னும் நாலு கூடிப்போச்சு, மொத்தம் அறுபத்து மூணு, சாகறதுக்குள்ள தீர்ப்பேனான்னு தெரியல, வீட்டுல தெரிஞ்சா அவ என்னை உயிரோட விடமாட்டா என்று. த்சுமி என்றால் பாவம், குற்றம், பிறந்ததிலிருந்து நான் அறிந்த அர்த்தம் அது ஒன்றுதான். அறுபத்து மூன்று பாவமா! கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷம், வருஷத்துக்கு ஒன்றரைக்கு மேல் வருகிறதே, எப்போது நேரம் கிடைத்தது இந்த மனிதருக்கு என்று நான் யோசிப்பதற்குள் அடுத்ததைச் சொன்னார். அந்த இத்தாலிக்காரியைத்தான் சொல்றேன், சின்ன உடம்பு, கிரீம் கலர், பார்த்துக்கிட்டே இருக்கலாம் போலிருக்கு, நாளைக்கு அங்க கூட்டிட்டு வரேன், மழையில மேனி வெளுத்துடுமோன்னுதான் பயமா இருக்கு.

சிரிக்காதே. என் இடத்தில் நீ இருந்தால் தெரியும். ராத்திரி முழுக்க அவர் குறட்டையைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன், கிரீம் கலராம், நானும் ஒரு காலத்தில் கிரீம் கலர்தான். இத்தாலியில் இருக்கிற மாப்பிள்ளையை வீட்டில் சேர்க்க மாட்டார், இத்தாலியிலிருந்து ஒருத்தியை மட்டும் சேர்ப்பாரா என்று நெஞ்சு கொதித்தது. மறுநாள் அவர் ஒரு துணிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, அதற்கு மேல் மழைக்கோட்டைப் போர்த்திக்கொண்டு கிளம்பினார். கால் மணி கழித்து நானும் கிளம்பினேன். வலிக்கிற முழங்கால் அன்றைக்கு வலிக்கவே இல்லை பார், கோபத்துக்கு இருக்கிற மருத்துவ குணம் எந்தத் தைலத்துக்கும் கிடையாது.

நொசாகியின் கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் நின்றேன். அப்பாவும் நொசாகியும் மேசை மேல் குனிந்திருந்தார்கள். எங்கே அந்த இத்தாலிக்காரி, வெளியே வரச் சொல்லுங்க, மூஞ்சியப் பார்த்துட்டுப் போறேன் என்று கத்தினேன். தக்காளி நிறச் சட்டை போட்ட ஒரு வாடிக்கையாளர் கையிலிருந்த வண்ணப் புட்டியைக் கீழே வைத்துவிட்டு நழுவிவிட்டார். அப்பா மேசையை மறைத்துக்கொண்டு நீ எங்க இங்க என்றார். இந்த மாதிரி முகத்தை நான் ஏற்கெனவே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், தன் ஓட்டுநர் பள்ளி வண்டியையே கேட்டில் இடித்துவிட்டு வந்த அன்று. அறுபத்து மூணு பாவத்தையும் இங்கேயே சொல்லுங்க, நொசாகி சாட்சி என்றேன். நொசாகி ஒரு நிமிஷம் முழித்தான், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். ஐயோ வாத்தியாரம்மா, அந்த த்சுமி வேற, இந்த த்சுமி வேற, எங்க ஆளுங்க பேச்சுல த்சுமின்னா அடுக்கு, ஆசைப்பட்டு வாங்கிட்டு, கட்ட நேரமில்லாம அடுக்கி வெச்சிருக்கிற பெட்டிங்க, அத்தனையும் உங்க வீட்டு மாடி அலமாரியிலதான் இருக்கு என்றான். உன் அறை அலமாரி, மதோகா! கதவு இறுகிப்போச்சு, திறக்காதே என்று இத்தனை நாள் சொன்னாரே, அதுதான். அப்படின்னா அதுவும் பாவம்தான் என்றேன் நான், ஆனால் பாதி உயிர் திரும்பி வந்துவிட்டது, பொய் சொல்வானேன்.

அதற்குப் பிறகுதான் மேசை மேல் இருந்ததைப் பார்த்தேன். சின்ன இத்தாலிக் கார், கிரீம் நிறம், பக்கத்துக் கண்ணாடியில் நூலிழை மாதிரி ஒரு வெள்ளை ரிப்பன். தேநீர் அலமாரி மேல் நான் வைத்திருக்கும் உன் கல்யாணப் படத்தில் இருக்கிற கார் அது. நீ இடது ஜன்னலில் கையை ஊன்றிச் சிரிக்கிறாய், முக்காட்டுத் துணி பறந்து கதவையும் உள்ளே முன்பக்கத்தையும் மறைத்திருக்கிறது, உனக்கு அந்தப் பக்கம் எலியோவின் முகம் பாதி தெரிகிறது. கல்யாணத்துக்கு உன் அப்பாவும் வரவில்லை, அவரை விட்டுவிட்டு வர எனக்கும் துணிச்சல் வரவில்லை, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. இரண்டு வருஷமாக அந்தப் படத்தைத் தாண்டும்போதெல்லாம் அப்பா ஒரே வார்த்தைதான், பாரு, இடது பக்கம் உக்காந்துக்கிட்டுப் போறா, அவன் ஓட்டறான், இவ போறா, நம்ம பொண்ணை வண்டியில ஏத்திக்கிட்டுப் போயிட்டான். உன் பேரைக்கூடச் சொல்லாத மனிதர் இதைக் கட்டியிருக்கிறார், எதுக்குங்க என்றேன், சும்மா, பெட்டி கிடைச்சது என்றார், பார்வை ஜன்னலுக்கு வெளியே.

நொசாகி பூதக்கண்ணாடியை எடுத்து வண்டிக்குள் பார்த்தான். பூச்சு அருமை வாத்தியாரே, ஒரு தூசி இல்லை, ஆனா ஸ்டியரிங்கை ஏன் வலது பக்கம் மாத்தினீங்க என்றான். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை, பெட்டியில இடது பக்கம் வெச்சு அனுப்பியிருந்தான், ஏற்றுமதிக்குன்னு ஏதோ குளறுபடி போலிருக்கு, டாஷ்போர்டை மயிரிழை ரம்பத்தால அறுத்து, திருப்பி ஒட்டி, பட்டி பார்த்துத் தேய்ச்சேன், ஒரு மாசம் ஆச்சு, படத்துல என் மக இடது பக்கம் இருக்கா, அப்போ ஓட்டறவன் வலது பக்கம்தானே என்றார். நொசாகி இந்தத் தடவை சிரிக்கவில்லை. வாத்தியாரே, குளறுபடி இல்லை, அங்கெல்லாம் ஸ்டியரிங் இடது பக்கம்தான், இத்தாலியில ஓடற எல்லா வண்டிக்கும் அப்படித்தான் என்றான்.

முப்பத்து நாலு வருஷம் ஊருக்கே வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர், மதோகா. வண்டியின் இடது பக்கத்தில் உட்கார்ந்தே ஓய்வு பெற்றவர். அவர் மூளையில் இடது பக்கம் என்றால் ஓட்டாதவர் உட்காருகிற பக்கம், அது உலகம் முழுக்கவும் அப்படித்தான். எனக்கும்தான் தோன்றவில்லை. அப்போ ஓட்டறது என்று ஆரம்பித்து நிறுத்தினார். மதோகாங்க, மதோகாதான் ஓட்டறா, அந்தப் பையன்தான் பக்கத்துல உக்காந்து போறான் என்றேன். பூதக்கண்ணாடியை வாங்கி அந்தக் குட்டி ஜன்னலுக்குள் பார்த்தார். பிறகு என்ன சொன்னார் தெரியுமா, ஸ்டியரிங்கைப் பிடிச்சவ ரோட்டைப் பார்க்காம கேமராவைப் பார்த்து என்ன இளிப்பு, இதுக்குத்தான் அவளை ரெண்டு தடவை பெயிலாக்கினேன் என்றார். சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, அந்தக் காரைத் துடைக்கிற மெத்துத் துணியால் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். ரெண்டு வருஷம், ரெண்டு வருஷமா நான் அந்தப் பையனைத் திட்டிக்கிட்டு இருந்தேனே யசுயோ என்றார். என் கண்ணும் சரியாக இல்லை. இரண்டு பேரும் ஒரே குடையில் வீட்டுக்கு நடந்தோம், கார் மட்டும் நனையாமல் வந்தது, நாங்கள் நனைந்தோம்.

அன்றிலிருந்து ஆறு நாள் அந்த டாஷ்போர்டைத் திரும்ப அறுத்து, இடது பக்கத்துக்கே கொண்டுபோய் ஒட்டிக்கொண்டிருந்தார். ஒட்டின இடத்தில் ஒரு தழும்பு தெரிகிறது, பூசி மறைக்கவில்லையா என்று கேட்டேன், இருக்கட்டும், நான் செஞ்ச தப்புதானே என்றார். நேற்றுக் காலை மாடியில் தடதடவென்று சத்தம், போய்ப் பார்த்தால் உன் அறையிலிருந்து பெட்டி பெட்டியாகத் தூக்கிக்கொண்டு இறங்குகிறார், அறுபத்து மூன்றும் இப்போது என் தையல் மிஷினைச் சுற்றி நிற்கின்றன, அதைப் பற்றி அவருக்குத் தனியாகக் கச்சேரி இருக்கிறது. ஆகஸ்ட்டுக்குள்ள மெத்தை ரெண்டையும் வெயில்ல போடணும், எப்போ மழை விடுமோ என்றார். யாருக்கு மெத்தை என்று தெரியாதவள் மாதிரி கேட்டேன். வரச் சொல்லு ரெண்டு பேரையும் என்றார். ஆயிற்றா மதோகா, இதுதான் உன் பதில்.

சாப்பிடும்போது மீதியைச் சொன்னார். விமான நிலையத்துக்கு நான் வண்டி எடுத்துட்டுப் போறேன், திரும்பி வர்றப்ப அவ ஓட்டட்டும் என்றார். நம் வண்டியை அவர் இதுவரை ஒருத்தர் கையிலும் கொடுத்ததில்லை, என்னைக் கண்ணாடி துடைக்கக்கூட விட்டதில்லை. அப்போ நீங்க என்றேன். நான் இடது பக்கம் உக்காந்துக்கறேன், அந்தப் பையன் பின்னால உக்காந்து ஊரைப் பார்த்துட்டு வரட்டும் என்றார். எனக்கு வாய் சும்மா இருக்குமா, உங்க பள்ளிக்கூட வண்டின்னா இடது பக்கமும் காலடியில ஒரு பிரேக் இருக்கும், பிள்ளைங்க தடுமாறினா நீங்க மிதிச்சுடுவீங்க, நம்ம வண்டியில அதெல்லாம் கிடையாதே என்றேன். சோற்றிலிருந்து தலையை நிமிர்த்தாமல், தெரியும், இனிமே அவளுக்கு அது வேண்டாம் என்றார்.

உன் பழைய லைசென்ஸ் காலாவதி ஆகிவிட்டதா என்று இன்றைக்கே எடுத்துப் பார், ஆகியிருந்தால் அங்கேயே செய்யவேண்டியதைச் செய். எலியோவுக்கு நாட்டோவின் புளித்த சோயா வாடை பிடிக்காவிட்டால் முகத்தைச் சுளிக்க வேண்டாம், தட்டின் ஓரத்தில் ஒதுக்கச் சொல், அப்பா எடுத்துத் தின்றுவிடுவார். இரண்டு பேரும் நூறாண்டு ஒற்றுமையாக, கை கால் சுகத்தோடு, சிரித்த முகமாக இருங்கள், நம் குலத்துப் பெரியவர்கள் எல்லோரும் உங்கள் கூடவே துணைக்கு வரட்டும்.

உன் வரவுக்கு மெத்தையும் சோறும் தயாராக வைத்திருக்கும்
அம்மா யசுயோ