வீட்டைப் பார்க்க வருகிறார்கள்

8 திங்கள்

விடியவே காற்று. இறால் குளம் இரண்டையும் வடித்தாயிற்று. திரும்பவும் வெள்ளைப்புள்ளி நோய். செத்ததைப் புதைக்கச் சுண்ணாம்பு வேண்டும். கடைக்காரர் காசில்லாமல் தரமாட்டாராம். நியாயம்தான். நானாக இருந்தாலும் தரமாட்டேன்.

பேங்கிலிருந்து போன். எடுக்கவில்லை. லீசிங்காரர் வேனைக் கொண்டுபோய்விட்டார்கள், அவர்களோடு இனிக் கதை இல்லை.

புத்தளம் போய் லோயரைப் பார்த்தேன். வங்குரோத்து மனு, கடனைக் கட்ட வழியில்லை என்று. உள்ளதெல்லாம் எழுதிக் கொடுக்கணும். கோட்டு ஒரு ஆளை வைக்கும். அவர் விற்று, கடன் தந்தவர்களுக்குப் பங்கு போடுவார். பேர் அரசாங்க வர்த்தமானியில் வரும். ஒன்றையும் ஒளிக்கவில்லை என்று நீதிபதிக்குப் பட்டால் கடைசியில் விடுதலைச் சான்றிதழ். மீதிக் கடன் போச்சு. பண்ணை முதலாளி என்று கூப்பிட்ட ஊர் இனி வங்குரோத்துக்காரன் என்னும். சொல்லட்டும். பஸ்ஸில் வரும்போது நெஞ்சு லேசாகத்தான் இருந்தது.

நேரே தங்கச்சி வீடு. மச்சான் ரிஸ்வான் அந்த வீட்டு உறுதிப் பத்திரத்தை பேங்கில் வைத்து எனக்குப் பிணை நின்றவர். "எல்லாம் முடியப்போகுது மச்சான், உங்கட உறுதியும் வந்திரும்" என்றேன். என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. தங்கச்சிக்கு அழுகை. "அப்ப ஸஹ்ராட விஷயத்தப் பேசலாம் நானா." வீடு அவர்கள் மகள் ஸஹ்ராவுக்குச் சீதனம். வீடில்லாத பெண்ணை எங்கள் பக்கத்தில் யார் கேட்டு வருவார்கள்?

9 செவ்வாய்

லோயருக்குக் கொண்டுபோக: அடையாள அட்டை, பேங்க் புத்தகம், பண்ணைப் பத்திரம். பவ்சியாவின் காப்பும் எழுதணுமா? (கேட்க.)

காப்பு என்றதும் பவ்சியா கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். இருபது வருடப் பெண்சாதி, என்னைத் திருடனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு, "கடன கோட்டு விட்டாலும் அல்லாஹ் விடுவானா?"

மத்தியானம் பாணும் சம்பலும்.

10 புதன்

லோயருக்குப் போன். காப்பைப் பற்றிக் கேட்டேன், அது அவளுடையதென்றால் எழுத வேண்டாமாம். அப்படியே, மச்சானுடைய உறுதி எப்போது கைக்கு வரும் என்றும்.

"அது வராதே. மனு உங்களுக்குத்தான் விடுதலை, பிணை நின்டவருக்கு இல்ல. உங்கள்ட்ட எடுக்க ஏலாதத அந்த வீட்ட வித்து எடுப்பாங்க."

"மனு போடாட்டி?"

"அப்பவும் எடுப்பாங்க. கொஞ்சம் பிந்தும், அவ்வளவுதான்."

மடையன் நான். இதை முதலில் கேட்டுவிட்டல்லவா தங்கச்சி வீட்டுப் படி ஏறியிருக்க வேண்டும்.

பின்னேரம் சொல்லத்தான் போனேன். மச்சான் முன்சுவருக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். "மாப்பிள்ள வீட்டுக்குக் கோல் எடுத்த உடனே ஓம் எண்டுட்டாங்க மச்சான். வெள்ளிக்கிழமை வீடு பாக்க வாறாங்க." முகமெல்லாம் பச்சைப் புள்ளி. எங்கே தொடங்குவது?

நானும் ஒரு பிரஷ்ஷை எடுத்தேன்.

11 வியாழன்

சொல்லவில்லை. மழை வரும் போலிருந்தது, வரவில்லை. மச்சானுக்கு இரண்டு தரம் போன் எடுத்தேன். முதல் தரம் அவர் வருகிறவர்கள் உட்காரக் கதிரை இரவல் வாங்கப் போயிருந்தார். அடுத்த தரம் எடுத்தார். சும்மா எடுத்தேன் என்று வைத்துவிட்டேன்.

12 வெள்ளி

ஜும்மாவுக்குப் பிறகு வந்தார்கள், நுரைச்சோலையிலிருந்து. மாப்பிள்ளையின் வாப்பா வெங்காய வியாபாரி. நல்ல மனுசன், அதுதான் இன்னும் கஷ்டம். கிணறு, குசினி, பின்வளவு எல்லாம் பார்த்தார்கள். பெண்ணுக்கு மாமா என்று என்னைத்தான் நடுவில் இருத்தினார்கள்.

"குறை நினைக்க வாணாம், முறைக்குக் கேக்கிறன். வீட்டுல வில்லங்கம் ஒண்டுமில்லையே?" வெங்காய வியாபாரி கேட்டார்.

மச்சான் சிரித்தபடி என்னைப் பார்த்தார், நீங்களே சொல்லுங்க என்று.

"இருக்கு" என்றேன்.

தங்கச்சி மஸ்கட் இனிப்புத் தட்டோடு கதவடியில் நின்றாள். வைக்கவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை.

"நானா, பகிடி விடுற நேரமா இது" என்றாள்.