ரோபோ பார்த்த ஆள்

மார்கழி, வெள்ளிக்கிழமை இரவு.

எனக்கு எழுத வராது. போனிடம் சொன்னால் அதுவே எழுதிக்கொள்ளும் என்று பேத்தி மலர் காட்டித் தந்திருக்கிறாள்.

மூடுபனியில் வழி தவறியவர்களைத் தேடும் ரோபோ ஒன்றை அவளும் பள்ளித் தோழிகளும் செய்திருக்கிறார்கள். நாளை கோயம்புத்தூரில் போட்டி. சாயங்காலம் எங்கள் வாசலில் ஓட்டிப் பார்த்தார்கள். வேலிப் பக்கம் திரும்பும்போதெல்லாம் அது நின்று, மலரின் குரலிலேயே "ஆள் இருக்கு" என்றது. அங்கே யாரும் இல்லை. கேமராவைத் துடைத்தார்கள், ஒயரை மாற்றினார்கள். மறுபடியும் "ஆள் இருக்கு." நாளைக்கும் இப்படிச் சொன்னால் தோல்விதான்.

"மலரு, இதுக்குப் பேய் புடிச்சிருச்சுடி" என்று ஒருத்தி சிரித்தாள்.

மலர்தான் கண்டுபிடித்தாள். "அம்மிச்சி ஸ்வெட்டரப் பாத்துத்தான் ஏமாறுதுங்க அப்பிச்சி. எடுத்துரட்டுங்களா?"

போன வருஷம் அவளுடைய அம்மிச்சி, என் மனைவி, இறந்த பிறகு, குரங்கை விரட்ட என்று சொல்லி நான்தான் அதை வேலிக்கம்பில் மாட்டினேன். குரங்கு அதற்குப் பயந்ததே இல்லை.

நானே கழற்றினேன். ரோபோ வேலியைப் பார்த்து நின்றது. "ஆள் இல்லை" என்றது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

ஸ்வெட்டர் இப்போது முன்னறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. ரோபோவும் அங்கேதான் சார்ஜில் இருக்கிறது. அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வந்தேன். இருக்கு என்றாலும் இல்லை என்றாலும் இன்றைக்கு என்னால் கேட்க முடியாது.