அய்யாவுக்கு மட்டும் வைத்த தட்டு

உ
பர்வதவர்த்தினி அம்மன் துணை

இராமேஸ்வரம்

அன்பு மகள் யுவராணிக்கு அம்மா எழுதுவது. அய்யாவுக்குச் சுகர் அடங்கியிருக்கிறது, எனக்கு முழங்கால் வலி வழக்கம்போல, அம்மன் புண்ணியத்தில் நடமாடுகிறோம், நீயும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். போனில் பேசினால் கத்திவிடுவேன், அய்யா பக்கத்திலேயே இருக்கிறார், அதனால்தான் எழுதுகிறேன்.

அன்றைக்கு உன் பெங்களூர் ஹோட்டல் மேசையில் இருந்தது நான், உன் அய்யா, அவர் தம்பி மகன் மாரிச்செல்வம், அவன் பொண்டாட்டி பானுப்பிரியா, ஆக நாலு பேர். வெளியாள் யாரும் பார்க்கவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். நீ சமைக்கிற கடை என்று ராத்திரி முழுக்க ரயிலில் தூங்காமல் வந்தோம். வந்ததெல்லாம் உள்ளங்கை அகலத் தட்டு. நாலு பேருக்கு மூன்று வடை, ஒரு கிண்ணத்தில் ரசத்தை நுரையாக்கி, ஒரே ஒரு நெத்திலி கொடிமரம் மாதிரி நிமிர்ந்து நின்றது. எல்லாரும் பகிர்ந்து சாப்பிட வேண்டியது என்று பரிமாறின தம்பி சொன்னான். நெத்திலியை எப்படிப் பகிர்வது என்று மாரி கேட்டான். அதையெல்லாம் நான் கோபத்தில் சேர்க்கவில்லை. ஊருக்கு ஊர் பழக்கம், படித்தவர்கள் அப்படித் தின்கிறார்கள் என்று நானும் தின்றேன்.

கடைசியாக வந்த தட்டை மட்டும் நடுவில் வைக்கவில்லை. நீயே உள்ளேயிருந்து எடுத்து வந்து அய்யா முன்னால் வைத்தாய். துண்டு வாழை இலை, அதன்மேல் கறுப்பு எள் போட்டுப் பிசைந்த ஒரு சோற்று உருண்டை, பக்கத்தில் புல்லை மோதிரம்போல முடிந்து வைத்திருந்தாய். எள்ளுச் சாதம் பெருமாள் கோயிலிலும் கொடுக்கிறார்கள் என்று எனக்குச் சமாதானம் சொல்ல வராதே. நம் மாடி அறையில் தங்குகிறவர்கள் பாதிப் பேர் அக்னி தீர்த்தத்தில் பிண்டம் வைக்கத்தான் வருகிறார்கள். அவர்களுக்கு எள்ளும் தர்ப்பையும் எடுத்துக் கொடுத்தே வளர்ந்தவள் நீ. அதை உயிரோடு இருக்கிற தகப்பன் முன்னால் வைக்க உனக்கு எப்படிக் கை வந்தது. மாரி சிரித்துக்கொண்டே, "என்ன பெரியய்யா, தங்கச்சி இப்பவே வச்சுட்டா, எனக்கு வேலை மிச்சம்" என்றானே, அதைக் கேட்டும் நீ திரும்பி உள்ளே போய்விட்டாய். இலையைத் தள்ளிவிடப் போனேன், உன் அய்யா என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு பருக்கை விடாமல் தின்றார்.

போன ஆடி அமாவாசைக்கு நீ வந்திருந்தபோது, வந்தவர்களிடம் அவர், எனக்கு ஆம்பளப் பிள்ளை இல்லை, மாரிதான் வைக்கணும் என்று சொன்னதும், நீ பாதிச் சோற்றில் கை கழுவி எழுந்து போனதும் எனக்கு மறக்கவில்லை. அதைத்தான் இப்படித் திருப்பிக் கொடுத்தாயா. கோபம் இருந்தால் வாயால் சண்டை போடு. சோற்றில் வைத்துச் சொல்வது நம் வீட்டுப் பழக்கம் இல்லை.

திரும்பி வரும் ரயிலில் நான் புலம்பிக்கொண்டே வந்தேன், மானாமதுரை தாண்டினதும் உன் அய்யா சொன்னார், "பசியோட இருக்கையில எம் மக வச்சா, தின்னேன். செத்த பெறகு வச்சா எனக்கு ருசியா தெரியப் போகுது?" அதோடு விட்டாரா. வீட்டுக்கு வந்ததும் மாரியைக் கூப்பிட்டு, இனி நீ வைக்க வேண்டாம், ராணி வைப்பாள் என்று சொல்லிவிட்டார். உன்னையும் கேட்கவில்லை, என்னையும் கேட்கவில்லை. மாரி அன்றிலிருந்து வாசல் மிதிக்கவில்லை. போன கார்த்திகையில் அய்யாவுக்கு நெஞ்சு அடைத்தபோது ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினவன் அவன்தான், நீ இல்லை. இனி ஒன்று என்றால் நான் யாரைக் கூப்பிட. பெங்களூர் வந்து போனதற்கு ரயில், ஆட்டோ, காப்பி எல்லாம் கணக்கில் எழுதிவிட்டேன், உன் கடைச் சாப்பாட்டுக்கு மட்டும் என்ன எழுதுவதென்று தெரியாமல் வரி காலியாகக் கிடக்கிறது.

அவர் மூன்று நாளாகச் சந்தோஷமாக இருக்கிறார் ராணி. யார் வந்தாலும் என் மகள் வைத்தாள் என்கிறார். அதுதான் எனக்குப் பயம். நீ ஆசையாகத்தான் வைத்தாய் என்றால் அதை அவருக்கு எழுது, மாரிக்கும் நீயே போன் போட்டுச் சமாதானம் சொல். பிண்டத்துக்கு நீ செய்ததுபோல எள்ளை வறுக்கக் கூடாது, பச்சை எள்தான், அதையும் தெரிந்துகொள். குத்திக்காட்டத்தான் வைத்தாய் என்றால் அவரிடம் ஒருபோதும் சொல்லாதே, என்னிடம் மட்டும் சொல், நான் வைத்துக்கொள்கிறேன்.

அம்மன் உன்னை நல்லபடியாக வைக்கட்டும். வெள்ளிக்கிழமை விளக்கேற்ற மறக்காதே. இரண்டில் எது என்று சீக்கிரம் பதில் போடு.

உன் அம்மா
வீரலட்சுமி